தொண்டர்கள் நின்றுபோகும்போது எங்கே பார்ப்பது: சம்பள ஊழியருக்கும் தொண்டருக்கும் இடையிலான பிணக்குகளை அறிகுறி கொண்டு தீர்க்கும் வழிமுறை

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் இயங்கும் சிறிய தொண்டு நிறுவனங்களின் இணைப்பாளர்களையும் நிருவாக சபை உறுப்பினர்களையும் மனத்தில் வைத்து இதனை எழுதுகிறேன். பத்துப் பேருக்கு உட்பட்ட சம்பள ஊழியரும் முப்பது நாற்பது தொண்டர்களும் உள்ள ஓர் இடத்தில் இரு தரப்பினருக்கும் இடையே கசப்பு முளைத்துவிட்டால், எல்லோர் வாயிலும் முதலில் வரும் காரணம் ஆட்களின் குணமாகவே இருக்கும். "அந்தப் பிள்ளை அப்படித்தான்", "அந்த சேர் ஒருத்தரையும் மதிக்கிறதில்ல" என்பதோடு பேச்சு நின்றுவிடும். நான் 2011 ஜனவரி வெள்ளத்தின்போது ஒரு பாடசாலையில் இருந்த இடைத்தங்கல் முகாமில் தொண்டராகத் தொடங்கி, சில ஆண்டுகளின் பின் சம்பளம் பெறும் களஉத்தியோகத்தராகவும் பிறகு இணைப்பாளராகவும் வேலை செய்தவன். இரண்டு பக்கமும் நின்று பார்த்த அளவில், குணத்தால் வந்த பிணக்குகள் மிகச் சில. யாருடைய கைக்காசு செலவாகிறது, முடிவு எடுப்பவர் யார், யாருக்கு என்ன வாக்குக் கொடுக்கப்பட்டது என்ற கேள்விகளில் ஒன்றை ஒருவரும் வாய்விட்டுப் பேசாததால் வந்தவைதான் பெரும்பாலானவை. ஆகவே ஆட்களைப் பற்றிய தீர்ப்பை ஒத்திவைத்துவிட்டு, உங்கள் கண்ணில் படும் அறிகுறியிலிருந்து தொடங்குங்கள்.

எந்த அறிகுறிக்கும் முன்னர்: உங்கள் தொண்டர் யார்?

தொண்டர் என்ற ஒரே சொல்லால் நாம் பலரைக் குறிக்கிறோம். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்திலிருந்து கூட்டத்துக்கு ஆள் சேர்த்துத் தரும் அக்காவும் தொண்டர், வெள்ளம் வந்தால் மட்டும் தோணியோடு வந்து நிற்கும் விளையாட்டுக் கழகத் தம்பியும் தொண்டர். சிறு கொடுப்பனவுடன் வாரத்தில் ஐந்து நாளும் முன்பள்ளியில் கற்பிக்கும் ஆசிரியையையும், உயர்தரம் எழுதிவிட்டு ஒரு சேவைச் சான்றிதழை எதிர்பார்த்து வருபவரையும் அதே பெயரால்தான் அழைக்கிறோம். இவர்களுக்குள் ஒருவருக்குப் பொருந்தும் ஏற்பாடு மற்றவருக்குப் பொருந்தாது.

நமது மாகாணத்தில் இச்சொல்லுக்கு இன்னொரு கனமும் உண்டு. வடக்கிலும் கிழக்கிலும் ஆசிரியர் பற்றாக்குறை இருந்த பாடசாலைகளில் தொண்டர் ஆசிரியர்களாக ஆண்டுக்கணக்கில் கற்பித்தவர்கள் நிரந்தர நியமனம் கோரிக் காத்திருந்ததையும், அவர்களுள் ஒரு பகுதியினர் பின்னர் சேவையில் உள்வாங்கப்பட்டதையும் ஊரில் எல்லோரும் அறிவார்கள். அதனால் ஒரு பிள்ளையைத் தொண்டர் என்று நீங்கள் அழைத்த அன்றே, நீங்கள் சொல்லாத ஒரு வாக்குறுதி அவளுடைய வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் பெருந்தொகையான நிறுவனங்கள் இங்கே வந்தபோது, முதல் நாட்களில் சடலம் தூக்கியவர்களும் சமையற்கட்டில் நின்றவர்களும் சில மாதங்களில் சம்பள வேலைக்குப் போனதைக் கண்ட தலைமுறைதான் இன்று அப்பிள்ளைகளின் பெற்றோர். அந்த நம்பிக்கையில் தவறு எதுவும் இல்லை. அதைப் பற்றிப் பேசாமல் இருப்பதுதான் தவறு.

தொண்டர் பதிவேட்டை எடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அவர் ஏன் வருகிறார், எதை எதிர்பார்க்கிறார் என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். பாதிப் பேருக்கு மேல் எழுத முடியவில்லை என்றால் கீழுள்ள எதையும் செய்வதற்கு முன் அவர்களோடு ஒருக்கால் உட்கார்ந்து பேசுங்கள்.

அறிகுறி: ஒவ்வொருவராகச் சொல்லாமல் நின்றுவிடுகிறார்கள்

முதலில் நாட்காட்டியைப் பாருங்கள். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையிலும் சம்மாந்துறைப் பக்கத்திலும் பெரும்போக விதைப்புக்கும் தை, மாசியில் வரும் அறுவடைக்கும் வீட்டில் எல்லாக் கையும் வேண்டும். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு, பின்னர் ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் தீர்த்தம், நோன்பு மாதம், பரீட்சைக் காலம் என்று ஒவ்வொரு ஊருக்கும் ஓர் ஓட்டம் இருக்கிறது. முஸ்லிம் தொண்டர்கள் இருக்கும் குழுவுக்கு வெள்ளிக்கிழமை நண்பகலில் கூட்டம் வைத்துவிட்டு வருகை குறைவு என்று எழுதுவது அலுவலகத்தின் பிழை. இத்தகைய காரணமானால் அவர்கள் தாமாகத் திரும்பி வருவார்கள்; திட்டத்தைத்தான் நாட்காட்டிக்கு ஏற்ப மாற்றவேண்டும்.

நாட்காட்டி காரணமில்லை என்றால் கைச்செலவைப் பாருங்கள். இதில் நான் கண்ட ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் பல நிறுவனங்களில் இதே இடத்தில்தான் ஓட்டை இருக்கிறது. எங்களுடன் மண்டூர்ப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி வந்துகொண்டிருந்தார். விடிய எழுந்து துறைக்கு வந்து, வாவியைக் கடக்கும் பாதையில் (ஆட்களை ஏற்றிச் செல்லும் மிதவையை இங்கே பாதை என்போம்) ஏறிக் குருமண்வெளியில் இறங்கி, பிரதான வீதிவரை நடந்து, அங்கிருந்து பேருந்தில் மட்டக்களப்பு நகருக்கு வருவார். காற்றும் மழையும் கடுமையானால் பாதை ஓடாது. அன்று அவர் சுற்றி வரவேண்டும் அல்லது வரமுடியாது. எங்கள் அலுவலகத்தின் வரவுப் பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே சிவப்பு மையில் "பிந்தியவர்" என்று மூன்று நாட்களில் எழுதியிருந்தது. மூன்றும் மார்கழி மாத நாட்கள். அவர் வராமல் நின்ற பிறகு நான் வீட்டுக்குப் போனபோது, பாடசாலைப் பிள்ளைகள் எழுதும் நாற்பது பக்கக் கொப்பி ஒன்றை எடுத்துக் காட்டினார். திகதி, பாதைக் காசு, பஸ் காசு, குடித்த தேத்தண்ணி என்று ஒவ்வொரு நாளும் நேர்த்தியாக எழுதி, பக்கத்தின் அடியில் கூட்டி, கூட்டுத்தொகையை அடுத்த பக்கத்தின் தலையில் கொண்டுபோயிருந்தார். நாங்கள் போக்குவரத்துப் படி தரமாட்டோம் என்று சொன்னதில்லை. பற்றுச்சீட்டு இணைத்து, படிவம் நிரப்பி, இணைப்பாளரின் கையொப்பம் பெற்று, கணக்காளருக்கு அனுப்பினால் மாத முடிவில் கிடைக்கும் என்றுதான் சொல்லியிருந்தோம். பாதையில் ஏறுவதற்கு அன்று பற்றுச்சீட்டு கிடைப்பதில்லை. கொப்பியை மூடி வைத்துவிட்டு அவர் சொன்னது ஒரு வசனம்தான்: "காசுக்காக இல்ல தம்பி, கேக்க வெக்கமா இருந்திச்சு."

இதற்குச் செய்யவேண்டியது எளிது. சில்லறைக் காசிலிருந்து அன்றன்றே கொடுக்கவேண்டும், கேட்காமலே கொடுக்கவேண்டும். பற்றுச்சீட்டு கிடைக்காத பயணங்களுக்கு ஊர்வாரியாக ஒரு நிலையான தொகையை நிருவாக சபை தீர்மானமாக எழுதிவைத்தால், தொண்டரின் கையொப்பமிட்ட சிட்டையையே கணக்காளர் ஆதாரமாக வைத்துக்கொள்ளலாம். கணக்காய்வாளர் கேட்டால் தீர்மானத்தைக் காட்டலாம். தொண்டு என்றால் செலவையும் தாமே ஏற்பதுதானே என்று சபையில் யாராவது கேட்பார்கள். 1965 இல் வியன்னாவில் பிரகடனம் செய்யப்பட்ட செஞ்சிலுவை இயக்கத்தின் ஏழு அடிப்படைக் கொள்கைகளுள் தன்னார்வ சேவையும் ஒன்று. ஆதாயம் தேடாமல் செய்வதே சேவை என்று அது சொல்கிறதேயன்றி, தொண்டர் தன் வீட்டு அரிசிக் காசில் பஸ் ஏறவேண்டும் என்று சொல்லவில்லை.

அறிகுறி: "சம்பளம் எடுக்கிறாக்கள் செய்யட்டும்" என்ற பேச்சு காதில் விழுகிறது

இப்படிச் சொல்பவரின் மனம் ஏற்கனவே பாதி வெளியேறிவிட்டது என்று கொள்ளுங்கள். ஆனால் அவர் சம்பளத்தின் மேல் பொறாமைப்படுகிறார் என்று முடிவு கட்டாதீர்கள். ஊழியர் சம்பளம் பெறுகிறார் என்பது தொண்டருக்கு முதல் நாளே தெரியும். அன்று அது அவரை உறுத்தவில்லை. இடையில் எது மாறியது என்று பாருங்கள்.

கடந்த இரண்டு வாரத்தின் வேலைகளை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றையும் செய்தவர் யார், அதைப் பற்றி முடிவெடுத்தவர் யார் என்று குறியுங்கள். மூட்டை தூக்குவது, கதிரை அடுக்குவது, வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்புவது எல்லாம் தொண்டர் பக்கமும், யாருக்கு எப்போது எதைக் கொடுப்பது என்ற முடிவுகள் முழுவதும் ஊழியர் பக்கமும் விழுந்திருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. குறிப்பாக, ஊழியரின் மாத அறிக்கைக்குத் தேவையான தரவுகளைத் தொண்டர்கள் சேகரித்துக் கொடுத்து, அது எங்கே போகிறது, அதனால் என்ன நடந்தது என்று ஒருநாளும் கேள்விப்படாமல் இருந்தால், தாம் வேறொருவரின் வேலையைச் செய்துகொடுக்கிறோம் என்றுதான் அவர்களுக்குத் தோன்றும்.

உலர் உணவுப் பொதி கட்டும் நாளில் இதனைத் தெளிவாகக் காணலாம். காலையிலிருந்து பத்துப் பன்னிரண்டு பெண்கள் மண்டபத்தில் நிலத்தில் இருந்து அரிசியும் பருப்பும் சீனியும் நிறுத்துக் கட்டுவார்கள். முழங்கை வரை மா படிந்திருக்கும். பதினொரு மணிக்கு வாகனம் வந்து நிற்கும். உத்தியோகத்தர் இறங்கி, பதாகையைச் சுவரில் கட்டச் சொல்லி, கட்டிய பொதிகளுக்கு முன்னால் படம் எடுத்து, ஒருவரிடமும் பேசாமல் அடுத்த ஊருக்குப் போவார். அவருக்கு அன்று நான்கு ஊர் இருக்கும், மாலைக்குள் படத்துடன் அறிக்கை அனுப்பவேண்டிய நெருக்கடியும் இருக்கும். அது அந்தப் பெண்களுக்குத் தெரியாது. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு அரை மணி நேரம் பக்கத்தில் இருந்து பொதி கட்டியிருந்தால், அந்த நெருக்கடியை அவர்களிடம் சொல்வதற்கும் சந்தர்ப்பம் கிடைத்திருக்கும்.

சரிசெய்ய இரண்டு காரியம் செய்யுங்கள். ஊழியரின் கடமைப் பட்டியலையும் தொண்டரின் கடமைப் பட்டியலையும் ஒரே தாளில் அருகருகே எழுதி, இரு தரப்பும் இருக்கும் கூட்டத்தில் வாசித்து, "இது எங்கட வேலையில்ல" என்று சொல்லப்படுவதை அங்கேயே மாற்றுங்கள். பின்னர், தொண்டர்கள் தாமே முடிவெடுக்கக்கூடிய ஒரு விடயத்தை உண்மையாகவே அவர்களிடம் விட்டுவிடுங்கள். விநியோகத்துக்கு எந்த இடம், எந்த நேரம் என்பதை ஊரவரே நம்மைவிட நன்றாகத் தீர்மானிப்பார்கள். விட்ட பிறகு அம்முடிவை அலுவலகத்திலிருந்து தொலைபேசியில் மாற்றாதீர்கள். ஒருமுறை மாற்றினால் அடுத்த முறை ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள்.

அறிகுறி: ஊழியர் தொண்டர்களிடம் வேலை கொடுக்காமல் தாமே எல்லாவற்றையும் செய்கிறார்

"அவங்களுக்கு விளங்கப்படுத்துற நேரத்துல நானே செஞ்சிருவன்" என்று அவர் சொல்வார். சில வேளைகளில் அது உண்மைதான்: தரவு பிந்தினால் நன்கொடையாளருக்குப் பதில் சொல்லவேண்டியவர் அவர், தொண்டர் அல்ல. அந்தச் சுமையை நிருவாகம் ஏற்றுக்கொண்டு பேசவேண்டும்.

ஆனால் அதன் அடியில் ஒரு பயம் இருக்கிறதா என்றும் பாருங்கள். நமது நிறுவனங்களில் பல ஊழியர்களுக்கு ஓராண்டுக் கருத்திட்டத்துக்கே ஒப்பந்தம் இருக்கிறது. கருத்திட்டம் முடியும் மாதங்களில், சம்பளம் இல்லாமலே இதே வேலையைச் செய்ய நாற்பது பேர் இருக்கிறார்கள் என்ற எண்ணம் ஒருவரை உறங்கவிடாது. பிள்ளைக்கு வகுப்புக் காசு கட்டவேண்டிய ஒரு தாய், தன் வேலையின் நுணுக்கங்களை ஒரு தொண்டருக்குக் கற்றுக்கொடுக்கத் தயங்கினால் அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வருவதில்லை. நிருவாக சபை இதற்கு எழுத்தில் பதில் தரவேண்டும்: சம்பளப் பதவி ஒன்றை நீக்கிவிட்டு அதன் கடமைகளைத் தொண்டரிடம் கொடுக்கமாட்டோம் என்ற தீர்மானத்தை நிறைவேற்றி ஊழியர் கூட்டத்தில் வாசியுங்கள். அத்தோடு தொண்டரைப் பயிற்றுவிப்பதை ஊழியரின் கடமைப் பட்டியலில் சேர்த்து, அதற்கென வாரத்தில் அரை நாளை ஒதுக்குங்கள். நேரம் ஒதுக்காமல் கடமை மட்டும் சேர்த்தால் கசப்புக் கூடும்.

அறிகுறி: ஊரில் தொண்டருக்குக் கெட்ட பெயர் வந்து, அவர் அலுவலகத்தின் மேல் கோபமாக இருக்கிறார்

பயனாளிப் பட்டியல் ஒட்டப்பட்ட கிழமையில் இது தொடங்கினால் வேறெங்கும் தேடவேண்டாம். நூறு குடும்பத்துக்கு நாற்பது பொதி வந்தால் அறுபது வீட்டார் கேள்வி கேட்பார்கள். ஊழியர் மாலையில் நகரத்துக்குத் திரும்பிவிடுவார். தொண்டர் அதே ஒழுங்கையில் குடியிருக்கிறார். அடுத்த நாள் கோயிலிலும் பள்ளிவாசல் முற்றத்திலும் கிணற்றடியிலும் அந்த அறுபது பேரின் முகத்தையும் பார்க்கவேண்டியவர் அவர். தன் சின்னம்மாவின் பெயர் பட்டியலில் இருந்தால் பழி, இல்லாவிட்டால் வீட்டில் சண்டை.

தொண்டர் தகவல் தரலாம், தெரிவு செய்யக்கூடாது என்பதை உறுதியான விதியாக வையுங்கள். தெரிவுக்கான நிபந்தனைகளை முன்கூட்டியே கிராம உத்தியோகத்தரின் அலுவலகத்திலும் சங்கக் கட்டடத்திலும் ஒட்டுங்கள். பட்டியலின் கீழ் சம்பள ஊழியரின் கையொப்பமும் அலுவலகத்தின் தொலைபேசி இலக்கமும் மட்டுமே இருக்கட்டும். பட்டியலை வாசிக்கும் கூட்டத்தில் ஊழியர் முன்னால் நிற்கட்டும். தொண்டர் சனத்தோடு இருக்கட்டும். மேன்முறையீட்டுக்கு ஒரு கிழமை கொடுத்து, முடிவையும் ஊழியரே வந்து நேரில் சொல்லவேண்டும். வசையை வாங்குவதும் சம்பள வேலையின் ஒரு பகுதி என்று நான் கருதுகிறேன்.

பெயர் ஏற்கனவே கெட்டுவிட்டதா? இணைப்பாளர் ஊருக்குப் போய், சங்கக் கூட்டத்தில் எழுந்து, தெரிவு செய்தது அலுவலகம்தான், இந்தப் பிள்ளை அல்ல என்று எல்லோர் முன்னாலும் சொல்லவேண்டும். கடிதம் போதாது.

அறிகுறி: கொடுப்பனவைக் கூட்டக் கேட்கிறார்கள், அல்லது நியமனம் எப்போது என்கிறார்கள்

கேட்பவரின் வேலையை நேர்மையாகப் பாருங்கள். குறித்த நேரத்துக்கு வந்து கையொப்பமிடுகிறாரா, மேலுள்ளவரின் பணிப்பின்படி வேலை செய்கிறாரா, விடுமுறைக்கு அனுமதி கேட்கிறாரா, மாதாமாதம் ஒரே தொகையைப் பெறுகிறாரா? எல்லாவற்றுக்கும் ஆம் என்றால், கடிதத்தில் தொண்டர் என்று எழுதியிருப்பது அவரைத் தொண்டராக்கிவிடாது. அவர் ஊழியர் என்று தொழில் திணைக்களத்திடம் முறையிட இடமுண்டு. 1958 ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் தற்காலிக ஊழியரையும் உள்ளடக்கும்; அதன்படி ஊழியரின் பங்கு 8 வீதம், தொழில்வழங்குநரின் பங்கு 12 வீதம். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குத் தொழில்வழங்குநர் மேலும் 3 வீதம் செலுத்தவேண்டும். உங்கள் நிறுவனத்துக்கு விதிவிலக்கு ஏதும் பொருந்துமா என்பதை மாவட்டத் தொழில் அலுவலகத்தில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். சட்டத்தைத் தள்ளிவைத்துப் பார்த்தாலும், ஒருவரின் முழு வாரத்தையும் எடுத்துக்கொண்டு அதற்குத் தொண்டு என்று பெயரிடுவது நியாயமாகாது. அவருக்குச் சம்பளம் கொடுங்கள், முடியாவிட்டால் நாட்களைக் குறையுங்கள்.

அவர் உண்மையிலேயே தொண்டர்தான், ஆனால் வேலையை எதிர்பார்க்கிறார் என்றால், வெற்றிடம் இருக்கிறதா இல்லையா என்பதை இன்றே சொல்லுங்கள். "பார்ப்பம், அடுத்த புரொஜெக்ட் வரட்டும்" என்ற பதில் கருணையாகத் தோன்றும்; அது ஒரு பிள்ளையின் இரண்டு வருடத்தைத் தின்றுவிடும். வெற்றிடம் வந்தால் அறிவித்தலைத் தொண்டர்களுக்கும் அதே நாளில் கொடுத்து, தொண்டர் அனுபவத்துக்கு எத்தனை புள்ளி என்பதை அறிவித்தலிலேயே எழுதுங்கள். தெரிவாகாத தொண்டருக்கு, புதியவர் வேலைக்கு வரும் நாளுக்கு முன்பே நேரில் சொல்லவேண்டும். அவர் அதை அலுவலக வாசலில் அறிந்துகொள்ள விடாதீர்கள்.

அறிகுறி: ஊழியருக்கு ஒரு வட்ஸ்அப் குழு, தொண்டருக்கு இன்னொன்று, இரண்டிலும் வெவ்வேறு தகவல்

இரண்டு குழு இருப்பதில் பிழையில்லை. களத்தோடு தொடர்புடைய ஒவ்வொரு மாற்றமும் இரண்டிலும் ஒரே நேரத்தில், ஒரே ஆளால், ஒரே சொற்களில் இடப்படவேண்டும். அந்த ஆள் யார் என்று பெயர் குறியுங்கள்.

அறிகுறி: ஒரு பெண் தொண்டர் குறிப்பிட்ட ஊழியர் ஒருவருடன் களத்துக்குப் போக மறுக்கிறார்

இதனை உறவுச் சிக்கலாகக் கருதிச் சமரசம் பேசாதீர்கள். முதலில் காரணம் கேட்காமலே அவரை வேறு குழுவுக்கு மாற்றுங்கள். பிறகு நிருவாக சபையிலுள்ள ஒரு பெண் உறுப்பினர் தனியாக, அலுவலகத்துக்கு வெளியே அவரோடு பேசட்டும். மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்து வந்ததை ஊர் பேசியது மட்டும்தான் காரணமானால், இனிமேல் களப்பயணத்துக்கு ஓட்டோ அல்லது இருவராகச் செல்லும் ஏற்பாடு போதும். தொல்லை நடந்திருந்தால், அந்த ஊழியரின் நேரடி மேலதிகாரியிடம் விடாமல் சபையே விசாரணையைப் பொறுப்பேற்கவேண்டும். வெளியிலிருந்து ஆலோசனை வேண்டுமானால் பெண்களுக்கான 1938 என்ற உதவி இலக்கத்தை அவருக்கே கொடுங்கள். பாதிக்கப்பட்டவர் பதினெட்டு வயதுக்கு உட்பட்டவரானால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு நிறுவனமே அறிவிக்கவேண்டும். ஊரின் மானம், நிறுவனத்தின் பெயர் என்று இதைத் தள்ளிப்போட எந்தக் காரணமும் இல்லை.

எல்லாம் செய்தும் சரிவராதபோது

மூன்று மாதம் கொடுத்துப் பாருங்கள். நின்றுபோன தொண்டர்களில் எத்தனை பேர் மீண்டும் ஒருமுறையாவது வந்தார்கள் என்று பதிவேட்டில் எண்ணுங்கள்; கூட்டத்தில் எத்தனை பேர் தலையாட்டினார்கள் என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒருவர்கூடத் திரும்பவில்லை என்றால், நிறுவனத்தோடு சம்பந்தமில்லாத ஒருவரை, ஊர் மதிக்கும் ஓய்வுபெற்ற அதிபரையோ சங்கத்தின் முன்னாள் தலைவியையோ, நின்றவர்களிடம் அனுப்பிக் கேட்டுவரச் செய்யுங்கள். உங்களிடம் சொல்லாததை அவரிடம் சொல்வார்கள்.

ஒரு தொண்டர் விலகியே தீருவார் என்றால் அவரை முறையாக அனுப்பிவையுங்கள். கொடுக்கவேண்டிய பயணக் காசை அன்றே தீர்த்து, அடையாள அட்டையைப் பெற்றுக்கொண்டு, எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை என்ன வேலை செய்தார் என்பதைக் குறிப்பாக எழுதிய சேவைக் கடிதத்தை அவர் கேட்பதற்கு முன்பே கையில் கொடுங்கள். "நற்பண்புள்ளவர்" என்று மட்டும் எழுதிய கடிதம் நேர்முகப் பரீட்சையில் உதவாது. முகாமில் இத்தனை குடும்பங்களின் பதிவை வைத்திருந்தார், இத்தனை நாள் சமையலை ஒழுங்குசெய்தார் என்று எழுதுங்கள். அதற்குரிய விபரம் உங்கள் பதிவேட்டில் இல்லை என்றால், அவரிடமே கேட்டு எழுதுங்கள்; அவரிடம் ஒரு கொப்பி இருக்கக்கூடும்.